பலிபீடத்துக்கு அடியில் இருந்தவர்கள் சொன்ன சொல்

ஜெபவீட்டுப் பலிபீடத்துக்கு அடியில் இருந்தவர்கள் முதன்முறையாக வாய்திறந்து "சரிதான்" என்று சொன்ன காலையில், கசாப்புக்காரர் வீட்டுக் குழாயில் இரத்தம் வந்தது. அவர் தொழிலை நினைத்து யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பூட்டுக் கடைக்காரர் வீட்டில் வந்தது. அவர் மனைவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. எத்தனையோ பேர் பிரித்துப் பார்த்தும் அது இன்றுவரை ஓடவில்லை. நீர்வாரியத்து இன்ஜினியர் வந்தார், போத்தலில் பிடித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், "ஒண்ணுமில்ல, துரு" என்றார். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் துரு போத்தலுக்குள் உறைந்துவிட்டது. அன்று மாலையே அவர் இடமாற்றம் கேட்டு, கடல் இல்லாத, ஆறு இல்லாத, கிணறுகூட ஆழமாக இல்லாத ஓர் ஊரைத் தேடிப்பிடித்துப் போய்விட்டார். மூன்றாவதாக டாக்டர் வீட்டில் வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு கெட்ட வருஷத்தில், சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். போகிற வருகிற எல்லாரும் அதன் முன்னால் மண்டியிட வேண்டும் என்று உத்தரவு. நகரமே மண்டியிட்டது, பிடிவாதக்காரர்கள், வட்டிக்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் மண்டியிட்டார்கள். ஜெபவீட்டு ஆட்கள் மட்டும், எங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவர் முன்னால்தான் மண்டியிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை ஜெபவீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டித் தீ வைத்தார்கள். பூட்டு பூட்டுக் கடையிலிருந்து வந்தது. எண்ணெய் கசாப்புக்காரர் வண்டியில் வந்தது. எல்லாரும் விஷக்காய்ச்சலில் இறந்தார்கள் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். பிறகு காலம் மாறியது, சிலையை உருக்கி வாளிகளுக்குக் கைப்பிடி செய்தார்கள், எரியாமல் நின்ற கல் பலிபீடத்தைச் சுற்றிப் புதிய ஜெபவீடும் எழும்பியது. சாம்பலை அந்தக் கல்லுக்கு அடியிலேயே விட்டுவிட்டார்கள். நகரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கல்லுக்கு அடியில் இருந்தவர்கள் மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரியவந்தது.

அவர்கள் கோபமாகக் கத்தியிருந்தால் நகரம் தாங்கியிருக்கும். அவர்கள் பாடினார்கள். அதுவும் கல்யாண வீட்டில் பாடுவதுபோல, குரலுக்குக் குரல் இடம்விட்டு, சந்தோஷமாகப் பாடினார்கள். கடவுளே, உம் தராசு பொய் சொல்லாது, தாமதமாக வந்தாலும் நேராக வந்தீர் என்ற பொருளில் ஒரு பாட்டு. அதில் இனி வரப்போகிறவையும் வரிசையாக வரும்: வெயில் வந்து முதுகைப் பொரிக்கும், ஆட்டுக்கிடா எடைக்கு ஆலங்கட்டி விழும், பகலில் விளக்குத் தேடுவீர்கள். கேட்டவர்கள் கூரைக்கு மேல் தகரம் போட்டார்கள், தகரத்துக்கு மேல் இன்னொரு தகரம் போட்டார்கள். தகரக் கடைக்காரர் பயம் தாங்காமல் தானும் ஒரு தகரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே குரலில் "சரிதான்" என்பார்கள். அடுத்த கணம் எங்கோ ஒரு வீட்டில் குழாய் சிவக்கும்.

இதனால் நகரத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லத் துணியவில்லை. சரி என்று சொல்லாமல் இந்த மொழியில் அரைமணி நேரம் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். தொலைபேசியில் பேச ஆரம்பித்தவர்களால் முடிக்க முடியவில்லை. இரண்டு சம்பந்திகள் விடியக் காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டே இருந்து, கடைசியில் சண்டை போட்டுத்தான் வைத்தார்கள். வாத்தியார்கள் எல்லாக் கணக்குகளையும் தப்பு என்று திருத்தினார்கள். கொஞ்ச நாள் "ஆகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆமென் என்பதற்கே அதுதான் அர்த்தம் என்று போதகர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றோடு அதுவும் போயிற்று. கடைசியில் "ம்" மட்டும் மிஞ்சியது. கடைத்தெருவில் நடந்தால் தேன்கூட்டுக்குள் நடப்பதுபோல இருந்தது.

எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவர் வால்வுக்காரர். மெயின் குழாயிலிருந்து தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. அவருக்கு முன்னால் அது அவர் அப்பாவின் வேலை. வால்வு திருகும் நீளச் சாவியை அப்பாவிடமிருந்துதான் வாங்கிக்கொண்டார். சாகப்போகிற சமயத்தில் அப்பா தண்ணீர் கேட்டார், கொடுத்தால் விழுங்க முடியவில்லை. வாயோரம் வழிய வழிய ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். ஜெபவீடு எரிந்த அன்று அக்கம்பக்கத்தில் இரக்கப்பட்ட சிலர் வாளிகளோடு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார்கள், காற்றுதான் வந்தது. அவர்களுக்கு முன்பே போய் வால்வை மூடியிருந்தவர் அப்பா. மூடச் சொன்னார்கள், மூடினேன், என்றார்.

இதை வால்வுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாக மனைவியிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் அம்மா அந்தக் கல்லுக்கு அடியில் இருந்தாள். தீ வைத்த அன்று காய்ச்சலாகக் கிடந்த சிறுமியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனவள் திரும்பவில்லை. இப்போது தினமும் காலையில் அந்தச் சிறுமி, நரைத்த தலையோடு, பலிபீடத்தில் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறாள்.

"எல்லாரும் சேர்ந்தே பாடுறாங்க. அம்மா குரல் எதுன்னே பிரிச்செடுக்க முடியல," என்பாள் வீட்டுக்கு வந்து. "தனியா ஒரு தடவை பேசிட்டா போதும், கண்டுபிடிச்சிடுவேன்."

"ம்" என்பார் அவர்.

தன் குழாயும் சிவந்துவிடுமோ என்று பயந்து, முதலில் வீட்டுக் குழாயில் வாஷர் போய்விட்டது என்று சொல்லிக் கைப்பிடியைக் கழற்றிவைத்தார். நகரத்துக் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாட்டுகிறவர் வீட்டில் வாஷர் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் உறைத்தது.

"என்னண்ணே, ஊருக்கே தண்ணி விடுறீங்க, எங்க வீட்டு வாசல்ல குடத்தோட நிக்குறீங்க? டாக்டர் வீட்டம்மாவும் முதல்ல வாஷர்னுதான் சொன்னாங்க."

அன்று மத்தியானம் அவர் தெருமுனைக்குப் போய், வால்வு இருக்கும் பள்ளத்து மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, தன் தெருவின் வால்வையே இறுக மூடினார். ஒருவர் குழாயிலும் ஒன்றும் வராவிட்டால் யார் குழாயும் எதையும் சொல்லாது என்பது அவர் கணக்கு. திருகும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு நடுங்கினார்.

வால்வு மூடிய கணத்தில் கல்லுக்கு அடியில் பாட்டு நின்றது. பாதிவரியில் நின்றது. அதுவரை பாட்டுக்குப் பயந்தவர்கள் இப்போது மௌனத்துக்குப் பயந்தார்கள். நாய்கள் குரைக்க வாயைத் திறந்து, சத்தம் வராமல், வெட்கப்பட்டு மூடிக்கொண்டன. அடுப்பில் கொதித்தவை கொதிக்கும் ஓசையில்லாமல் கொதித்தன. கல்லுக்கு அடியில் இருக்கிறவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தோன்றியது; எதைக் கேட்கிறார்கள் என்று வால்வுக்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்தது: அன்றுபோலவே, தண்ணீர் வருகிற ஓசை கேட்கிறதா என்று. தெரு காயத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள், குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. பச்சைக்குழந்தை வாயைத் திறந்து அழுதது, அதற்கும் சத்தம் வரவில்லை.

மனைவி ஜெபவீட்டிலிருந்து வெறும் முகத்தோடு வந்தாள். "என்னங்க, பேச்சுமூச்சே இல்ல. கல்லு ஜில்லுன்னு கிடக்கு. கோபமோ என்னமோ." பிறகு மூலையில் சாத்தியிருந்த சாவியைப் பார்த்தாள். அதன் நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க பாரு... அன்னிக்கு, அது எரிஞ்சப்போ, தண்ணிய மூடினது எங்கப்பா."

அவள் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, நடுவில் எங்கோ இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு மூடினது உங்கப்பா. இன்னிக்கு மூடினது யாரு?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தெருமுனைக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அவர் தலைமுடி முழுக்க வெளுத்தது என்பார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சட்டையும் வெளுத்தது என்பார்கள். அவளும் பின்னாலேயே போய் வீட்டு வாசல் குழாயடியில் நின்றாள், கழற்றிவைத்த கைப்பிடியைத் தேடியெடுத்து மாட்டியிருந்தாள். வால்வு திறந்தது. குழாய்கள் இருமின, செருமின, தெரு நெடுக உயிர் வந்தது. பக்கத்து வீட்டில் தெளிந்த தண்ணீர். எதிர்வீட்டில் தெளிந்த தண்ணீர். அவர் வீட்டில் இரத்தம் வந்தது, வெதுவெதுப்பாக, அவள் கணுக்கால்வரை தெறித்துக்கொண்டு.

அப்போது கல்லுக்கு அடியிலிருந்து ஒரே ஒரு குரல், நகரம் முழுக்கக் கேட்கும்படி, "சரிதான்" என்றது.

வால்வுக்காரர் பள்ளத்தோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி மட்டும் நிமிர்ந்தாள். அது தீர்ப்புச் சொல்கிற குரலாக அவளுக்குக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அம்மா வாளியில் முழங்கையை முக்கிச் சூடு பார்ப்பாள், பார்த்துவிட்டு "சரிதான்" என்பாள், பிறகுதான் ஊற்றுவாள். அந்தக் குரல், அதே இழுவையோடு. அவள் குழாயை மூடினாள். காலைக் கழுவ அங்கே தண்ணீர் இல்லாததால் சிவந்த காலோடு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெபவீட்டுக்கு நடந்தாள். ஜெபவீட்டு முற்றத்திலும் ஒரு குழாய் இருந்தது. அதே மெயினிலிருந்து போகிற தண்ணீர்தான், ஒருநாளும் சிவந்ததில்லை. குழாய் சிவந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவோ தூரம் போய் ஆற்றில் மொண்டார்களே தவிர, அந்த வாசலை எட்டிப்பார்க்கத் துணியவில்லை. வழியில் பூட்டுக் கடைக்காரர் மனைவி அவள் காலைப் பார்த்தாள்.

"உனக்குமா?" என்றாள்.

"எனக்கும்தான். குடம் இருந்தா எடுத்துட்டு வாங்கக்கா. அங்க யாரும் கடிச்சிட மாட்டாங்க."

அக்கா போனாள். நடுங்கிக்கொண்டே கசாப்புக்காரர் போனார். டாக்டர் குடம் தூக்கத் தெரியாமல் அண்டாவோடு போய் எல்லாரிடமும் திட்டு வாங்கினார். வால்வுக்காரர் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. பாட்டு திரும்ப வந்துவிட்டது. வெயிலும் ஆலங்கட்டியும் இருட்டும் இன்னும் அதில் இருக்கின்றன, தகரத்தை யாரும் கழற்றவில்லை. சிவந்த குழாய்கள் சிவந்தபடியே இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு காலையிலும், தாங்கள் எரித்தவர்களின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள், குடம் மாறிப்போனால் வம்சத்தை இழுத்துத் திட்டுகிறார்கள், முறை வரும்போது மட்டும் வாயடைத்துப்போய்க் குனிந்து குடத்தை வைக்கிறார்கள். தண்ணீர் கழுத்துவரை ஏறும்போது கல்லுக்கு அடியிலிருந்து யாராவது ஒருவர் "சரிதான்" என்று குரல் கொடுப்பார். உடனே குழாயை மூடிவிட வேண்டும். அடுத்த ஆள் காத்திருக்கிறார்.