பக்தியின் அசல்

அந்தப் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள், எம்.ஏ. சான்றிதழின் அசலோடு தங்கள் பக்தியின் அசலையும் ஒப்படைக்க வேண்டும். நகல் செல்லாது. இடம் கிடைக்காதவர்களுக்கு அதை உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். கிடைத்தவர்களுடையது ஆய்வேடு முடியும்வரை துறை பீரோவில் இருக்கும். ஆராய்கிறவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போனால் இதைவிட அதிகம் கேட்கிறார்கள்.

சுடர்க்கொடி ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். இதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பத்தோடு துறை வாசல்வரை வந்து, அசலைக் கொடுக்க மனம் வராமல் பஸ் ஏறித் திரும்பிப் போனவள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இந்த முறை வாசலில் நிற்காமல் நேராக உள்ளே நுழைந்துவிட்டாள்.

அவள் ஆராய விரும்பியது பாலத்தடி அம்மனை. பழைய ரயில்வே பாலத்துக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதற்கு ஒரு சிவப்புத் துணி, அவ்வளவுதான் கோயில். புறவழிச்சாலை வந்தபிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றுபோய், கும்பிடுவதற்கு என்று மிஞ்சியது சுடர்க்கொடி ஒருத்திதான். இப்படி ஒரு அம்மன் இருந்தாள் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ஈழவேந்தன் என்றொரு இளைஞர் இருந்தார். அவருக்குச் சாமி கிடையாது. ஆகவே இறைமறுப்பின் அசலைக் கொடுத்தார். அது அடங்கிய சம்படத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கொடுத்து முடித்ததும், வெளியே மஞ்சள் துணி சுற்றி நின்ற வேப்பமரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

கண்காணிப்பாளர் ஜெபமணி சுடர்க்கொடியிடம் ஒரு எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து நீட்டினார்.

“சாமிய நெனச்சுக்கிட்டு இதுக்குள்ள மூச்சு விடுங்க மேடம். முழுசா விடணும். கொஞ்சத்தக் கைவசம் வச்சுக்கிறவங்க ஆடிட்ல மாட்டிக்கிறாங்க.”

சுடர்க்கொடி விதிமுறைக்குப் பயந்த பெண். முழுசாக விட்டாள். அங்கேதான் தவறு நடந்தது. அவளுக்குத் தன்னம்பிக்கை என்று தனியாக எதுவும் கிடையாது. பரீட்சையா, பிள்ளைப்பேறா, மாமியார் வீட்டுப் பஞ்சாயத்தா, எல்லாவற்றுக்கும் ‘அம்மன் பாத்துக்குவா’ என்று ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தாள். அதில் எது பக்தி, எது தைரியம் என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. மொத்தமும் சம்படத்துக்குள் போயிற்று. ஜெபமணி மூடியை அழுத்தி மூடி, பெயர் எழுதி ஒட்டினார்.

அன்று மாலை பாலத்தடியில் கல் கல்லாக இருந்தது. சுடர்க்கொடிக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லாததால் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை துறை திறந்தபோது, பீரோவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் பாலத்தடி அம்மன் உட்கார்ந்திருந்தாள். அவள் பேரில் இருந்த பக்தி முழுக்க அந்த பீரோவுக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு அவள் பாலத்தடியில் என்ன செய்வாள்? ஜெபமணி மின்விசிறியை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டு, டீ வாங்கும்போது ஒரு டீ கூடச் சொன்னார். பேராசிரியர்கள் வரும்போதும் போகும்போதும் அவள் நீட்டியிருந்த காலை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

நேர்காணல் அன்று சுடர்க்கொடியும் அதே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பது யாரென்று அவளுக்குத் தெரிந்தது. கும்பிடத்தான் தோன்றவில்லை.

“என்னத்தா, வாசலையே பாத்துக்கிட்டு இருக்க?” என்றாள் அம்மன்.

“தெரியலம்மா. உள்ள ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு. நீங்க சாப்டீங்களா?”

பல வருஷமாக அம்மனை ‘வா, போ’ என்றுதான் அவள் பேசிவந்தாள். இப்போது வாயில் ‘நீங்க’தான் வந்தது. அம்மனின் முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு சரியாகிவிட்டது.

“எல்லாத்தையும் ஊதிட்டியாக்கும்?”

“பிரிக்கத் தெரியல.”

“சரி விடு. எந்திரிச்சு மட்டும் போயிராத. உன் நட்சத்திரம் என்ன?”

“பூராடம்.”

அம்மன் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். சுடர்க்கொடிக்கு வாசல் கதவைப் பார்த்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் எழுந்து உள்ளே போனாள்.

துறைத்தலைவர் பேராசிரியை மெஹருன்னிசா. அவருடைய சம்படமும் அதே பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. பண்டிகைக்கு எடுத்துப்போய்த் திங்கட்கிழமை காலையில் திரும்ப வைத்துவிடுவார். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இடம் குடுத்தா முடிச்சிருவீங்களா?”

“தெரியல மேடம்.”

“தலைப்புல நம்பிக்கை இருக்கா?”

“இல்ல மேடம். கொண்டுவந்து குடுத்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

சுடர்க்கொடி யோசித்தாள். தைரியமும் இல்லை, பக்தியும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்ல முடியும்.

“வெளிய பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க மேடம். அவங்களப் பாத்தா எனக்கு ஒன்னும் தோணல. ஆனா என்னைய விட்டா அவங்களுக்கு ஆளில்ல. அது மட்டும் தெரியுது.”

“இது பக்தி இல்லையா?”

“பக்தி பீரோல இருக்கு மேடம். இது வெறும் தகவல்.”

மெஹருன்னிசா எழுந்து போய்க் கதவைப் பாதி திறந்து பார்த்தார். பெஞ்சில் அம்மன் கண்ணை மூடியபடியே, கைகளைக் கூப்பி, உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். அவர் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, விண்ணப்பத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

“போகலாம்,” என்றார்.

பட்டியல் ஒட்டிய அன்று சுடர்க்கொடியின் பெயர் அதில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, அதை ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு இடம் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தைத்தான் இந்த நாற்காலிக்காகக் கொடுத்திருந்தாள். ஆய்வாளர் அறையில் தனக்கு ஒதுக்கிய மேஜையைத் துடைத்துவிட்டு, கண்ணையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது பாலத்தடி அம்மன் உள்ளே வந்தாள். தலை மழுங்க மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தாள். ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“உனக்குத்தான் நேந்துக்கிட்டேன்,” என்றாள். “இடம் கெடச்சா முடி குடுக்கிறேன்னு. நெனச்சது நடந்துருச்சு ஆத்தா. திருநீறு குடு.”

சொல்லிவிட்டுக் குனிந்து, கையைக் குழித்து நீட்டி நின்றாள். இத்தனை காலம் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பாள்! அவளுக்கு முறை நன்றாகத் தெரிந்திருந்தது.

சுடர்க்கொடி எழுந்தாள். கரும்பலகையின் அடிச்சட்டத்தில் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து அம்மனின் நெற்றியில் பூசி, மீதியைக் கையில் போட்டாள்.

“நல்லா இரு,” என்றாள்.

அம்மன் தூளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓரமாக ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய தங்கைகளான ஆறு அம்மன்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைக்குட்டிக்கு இன்னும் வரன் அமையவில்லையாம். சட்டத்தில் தூள் தீர்ந்துவிட்டதால், சுடர்க்கொடி புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து நுணுக்கத் தொடங்கினாள்.