கிழிசல் இல்லாத வலை

மோகனப்ரியா இப்போது வேலை பார்க்கும் ஊரில் கடல் கிடையாது. பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஏசி குளிரில் உட்கார்ந்திருப்பாள். மனசு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் எண்ணூர்ப் பக்கம் அவள் பிறந்த மீனவர் குப்பத்து மணலுக்கு ஓடிவிடும். அதிலும் 2003ஆம் வருடத்துக் கோடையை நினைத்தால் அவளுக்கு முதலில் சிரிப்பு வரும். மற்றதெல்லாம் பிறகுதான் வரும்.

அப்போது அவள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம். கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம், கோடை விடுமுறையில் பாலிமர் ஆராய்ச்சி செய்யக் கல்லூரி மாணவர்களுக்கு இடம் கொடுத்தது. பெரிய படிப்புக்காரர்களே தவம் கிடக்கும் இடம் அது. துணிந்து கேட்டாள், கிடைத்துவிட்டது. வெயிலிலும் உப்பிலும் நைலான் வலை எவ்வளவு வலு இழக்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அவளுக்கு வழிகாட்டிய ஸ்டானிஸ்லாஸ் சார் ராயபுரத்துக்காரர். "உன் வீட்டு வாசல்லயே லேப் இருக்கேம்மா, அப்புறம் என்ன?" என்று சிரித்தார்.

புது வலை ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, மூலைக்கு மூலை கலர் நூல் கட்டி, கரையில் மூங்கில் சட்டம் நட்டு மாட்டினாள். சில துண்டுகளுக்கு வெயில் மட்டும். சிலவற்றுக்குத் தினமும் கடல் தண்ணீரில் ஒரு குளியல். மே மாதக் கடைசியில் ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு எப்போதும் அடிபிடிதான். இந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினார்கள். அதைத் தவறவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, மேலே படிக்க சார் செய்வதாகச் சொன்ன சிபாரிசும் இல்லை.

அத்தனை வாரமும் அந்தச் சட்டத்தை யாரும் தொடவில்லை. "நாளைக்கு இதெல்லாம் எட்துகினு போவணும்" என்று அன்று காலை வீட்டில் வாய்விட்டாளே, அதுதான் வினையாகிப்போனது.

மதியம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவள் சட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். துண்டு ஒன்றுகூட இல்லை. முழு வலை ஒன்று கல்யாணப் பந்தல் மாதிரி விரிந்து தொங்கியது.

குப்பத்தில் கிழிந்த வலை யாருடையதாக இருந்தால் என்ன, பக்கத்தில் உட்காருகிறவன் பேச்சோடு பேச்சாக நாலு கண்ணி பின்னிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இன்றைக்கு அவள் அப்பா பாஸ்கரே முன்னின்று செய்திருந்தார். கையில் வலை ஊசியோடு பெருமை பொங்க வந்தார். பின்னால் அவரோடு ஒரே படகில் போகும் சின்னப்பையன் மாமாவும் இன்னும் இரண்டு கூட்டாளிகளும்.

"கிழிஞ்ச வலையோட போய் நின்னா அந்த சாரு நம்ம குப்பத்தப் பத்தி இன்னா நெனப்பாரு? அதான், கரைக்கு வந்ததுலேர்ந்து நாலு பேரும் குந்தி ஒண்ணா சேத்துட்டோம். பாரு, எங்கனா ஓட்ட கீதா?" என்றார் பாஸ்கர்.

மோகனப்ரியா மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அது கிழிசல் இல்ல நைனா, நானே வெட்னது! ஒவ்வொண்ணா மிஷின்ல வெச்சி இழுக்கணும். நாளிக்கி ஒரு நாள்தான் கீது!"

"இழுத்து?" என்றார் சின்னப்பையன்.

"அறுந்து போற வரைக்கும் இழுக்கணும் மாமா."

"அறுக்கறதுக்கா இம்மாம் அழுவ?"

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்கரின் முகம் சுண்டிப்போனது. அவளோ யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பிளேடை எடுத்து முடிச்சுகளை அறுக்கத் தொடங்கினாள். நாலு கை போட்ட முடிச்சு. ஒரு கை எவ்வளவு அறுத்தாலும் தீராது. பழைய இழையில் பிளேடு பட்டால் அந்தத் துண்டு வீண். அவசரத்தில் விரலைத்தான் அறுத்துக்கொண்டாள்.

பாஸ்கர் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "எங்க அறுக்கணும்னு காட்டு."

"நீங்க சேத்துக் கட்ன பச்ச நூல மட்டும் நைனா."

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னப்பையன், "தள்ளிக் குந்து" என்று கத்தியோடு உட்கார்ந்தார். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா பவுனம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போயிற்று. பொழுது சாய்வதற்குள் துண்டுகள் எல்லாம் தனித்தனியாக அவள் பைக்குள் வந்துவிட்டன. சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

மறுநாள் காலை பையோடு கிளம்பியவள் கரையைப் பார்த்தாள். மற்ற படகுகளெல்லாம் போயிருந்தன. அப்பாவின் ஃபைபர் படகு மட்டும் மணலில் கிடந்தது. விசைப்படகுகளுக்குத் தடை இருந்த நாட்கள் அவை; சின்னப் படகு கொண்டுவரும் மீனைக் காசிமேட்டில் போட்டி போட்டு வாங்குவார்கள். காய்ச்சலோடு கூடப் படகைத் தள்ளுவார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிழிசல் இல்லாத வலையில் கத்தி வைத்தவன் மறுநாள் கடலில் இறங்க மாட்டான். அந்தக் குப்பத்தில் யாரும் மீறாத கட்டு அது. கத்தியை எடுத்தபோதே நாலு பேருக்கும் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம்.

படகில் சாய்ந்து நின்ற அப்பாவிடம், "ஏன் நைனா போவல?" என்றாள்.

"காத்து சரியில்லம்மா," என்றார் பாஸ்கர். கூட இருந்த மூன்று பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

"பஸ்ஸு போய்டும், ஓடு," என்று விரட்டினார் சின்னப்பையன். அவள் ஓடினாள். பாரிமுனை வரும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே போனாள்.