நீங்க முன்னால போங்க

என்னை ஒருவன் முந்திக்கொண்டு போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராக இருந்தாலும் சரி, கன்னத்தில் அறைந்துவிட்டுப் போவதுபோல இருக்கும். என்னைக் கேட்காமலேயே கால் அழுத்தும், கை ஹாரனுக்குப் போகும், வாய் அவன் பரம்பரையையே விசாரிக்கும். அவனை முந்திய பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வேன். "கீறல் எல்லாம் என் கேக்கிலதான் விழுது" என்பாள் மனைவி. அவள் கேக் செய்கிறாள், நான் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று அவளை மண்டபத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே என் மனதில் விழுந்த ஆசை. கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் மாமா கார்ல வரேன்."

மாமா என்றால் என் மச்சான். சைக்கிளுக்குக்கூட ஒதுங்கி நிற்கிற ஆள்.

"ஏம்மா, எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"உங்களை மாதிரி யாருக்குத் தெரியும்? ஆனா யாராவது முந்திட்டா நீங்க வேற ஆளா ஆயிடுறீங்க. அந்த ஆள்கூட வர எனக்குப் பயமா இருக்குப்பா."

கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, காலைல அம்மாவோட கேக்கை உடையாம மண்டபத்துல சேர்த்துடுங்க. சாயங்காலம் கல்யாணத்துக்கு உங்ககூடவே வரேன்."

மூன்றடுக்கு கேக். உச்சியில் சர்க்கரை ரோஜாக்கள், தொட்டாலே நொறுங்கும். காலையில் மனைவி வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்று என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"துடைக்கிறேன். நீங்க கிளம்புங்க."

மெயின் ரோட்டில் ஏறியதுமே ஒரு கார் முந்தியது. பல்லைக் கடித்தேன். ஆனால் அதை ஓட்டியவன் சிரித்துக்கொண்டே கையசைத்தான்! அடுத்து வந்த தண்ணீர் லாரிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஸ்கூட்டரில் போன ஒரு பெண்மணி "வாழ்த்துகள்!" என்று கத்திவிட்டுப் போனார். மகளுக்குக் கல்யாணம் என்று என் மூஞ்சியிலேயே எழுதியிருக்கிறதா என்ன? இத்தனை நல்லவர்களும் இவ்வளவு நாள் எங்கே போயிருந்தார்கள்?

பாதி வழியில் நானே ஓரமாக ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, "போங்க, போங்க" என்று எல்லோரையும் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். ரோடே என்னுடையது, நான்தான் பார்த்து விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு மிதப்பு. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

ஒரு ரோஜாகூட அசையாமல் கேக் மண்டபத்தில் இறங்கியது. பின்கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தேன். மனைவியின் கையெழுத்தில் பெரிய அட்டை.

"உள்ளே கல்யாண கேக். நீங்க முன்னால போங்க. இப்படிக்கு, பொண்ணோட அப்பா."

அடிப்பாவி! வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாயங்காலம் கழுவித் துடைத்த வேனில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி தூரம் போனதும் பின்னால் ஹாரன். மச்சான்! பக்கத்தில் என் மனைவி. வாழ்க்கையில் யாரையும் முந்தாத மனுஷன், பல்லைக் காட்டிக்கொண்டே என்னை முந்திப் போனார். மகள் பயந்துபோய் என் காலைப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்பா, மாமாவே முந்திட்டாரு!"

"போகட்டும்மா."

"ஆமா, எல்லாரும் ஏன் நம்மளைப் பார்த்துக் கையாட்டுறாங்க?"

மண்டபத்தில் இறங்கியதும் பின்னால் போய்ப் பார்த்தாள். அதே அட்டைதான். 'கேக்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே 'பொண்ணு' என்று எழுதியிருந்தேன்.

அலங்காரம் கலையுமே என்றுகூடப் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் வண்டியில இல்லாதப்பவும் இதைக் கழட்டிடாதீங்கப்பா" என்றாள்.