எஞ்சின் மூடி

பதினொன்று இருபதுக்கு டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கடிகாரம் நின்றது. அதன் பிளாஸ்டிக் முகப்பு சூட்டில் உள்வாங்கி முள்ளைப் பிடித்துக்கொண்டது. ஜோஷ்வா நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

வண்டி கோவளத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் நின்றிருந்தது. பழைய மினி பஸ். முதலாளி சதாசிவம் அதன் பின்பாதியில் கட்டிலும் கண்ணாடியும் கழிப்பறையும் வைத்துக் கட்டி, கேரவன் என்று எழுதி, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பின்னால் ஒரு நடிகை தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே குளிர். அந்த ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். ஆகவே காலையிலிருந்து மாலைவரை எஞ்சின் ஓடியது. அது முன்பாதியில், ஜோஷ்வாவின் இடது முழங்காலை ஒட்டி, ஒரு தகர மூடிக்கு அடியில் இருந்தது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் உடனே அணைக்க வேண்டும் என்பதால் அவன் இறங்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு. அதில் சாய்ந்தால் முதுகு மட்டும் ஜில்லென்று இருக்கும்.

நாலு வருடமாக இந்த சீட். இடது காலில் முடி உதிர்ந்துவிட்டது.

தங்களுக்குக் குழந்தை இல்லாததற்கு இந்தச் சூடுதான் காரணம் என்று அவன் மனைவி லதாவிடம் சொல்லியிருந்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம். லதா மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டின் லாண்டரியில் இஸ்திரி போட்டாள். எல்லாச் சோதனையும் முதலில் அவளுக்குத்தான் நடந்தது. கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்த அன்று, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள், உட்கார முடியவில்லை. அவளிடம் குறை எதுவும் இல்லை என்றார்கள். பிப்ரவரியில் ஜோஷ்வா தனியாகப் போய்ச் சோதித்துக்கொண்டான். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார். பதினாறு வயதில் வந்தது. கன்னம் வற்றிய பிறகு கீழேயும் வீங்கியது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதோடு போய்விட்டது, மருந்தோ ஆபரேஷனோ பயன் தராது என்றார் டாக்டர். வண்டிச் சூட்டினால் இருக்குமா என்று ஜோஷ்வா கேட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது ரிப்போர்ட்டைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டான்.

வீட்டில் லதா நின்றுகொண்டே கேட்டாள். "இன்னா சொன்னாரு? வண்டி சூடா?"

அவளே கேள்வியையும் கேட்டுப் பதிலையும் கொடுத்தாள். அவன் ஆமாம் என்றான். சும்மா இருந்திருக்கலாம். மூன்று மாதம் சூடு படாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

வேலையை விடச் சொல்வாள், முடியாது என்று சொல்லலாம், அதோடு முடியும் என்று நினைத்திருந்தான். அவள் வேலையை விடச் சொல்லவில்லை. தம்பி கருப்பனுக்கு ஆள் விட்டாள்.

கருப்பன் அணுபுரம் பக்கம் குடியிருந்தான். காண்ட்ராக்டரிடம் லேகிங் வேலை, அதாவது கொதிக்கிற பைப்புகளுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி மேலே அலுமினியத் தகடு போடும் வேலை. சூட்டை ஒரு இடத்தில் அடைத்து வைப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து ஜோஷ்வா வந்தபோது கருப்பன் ஒரு கோணிப்பையோடு, வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு அடியில் கிடந்தான். பஞ்சும் தகடும் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. வெளியே வந்து வரிசையாகச் சொன்னான். சைலன்சர் பைப் ஜாயின்ட்டில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் போய் புகை அடிக்கிறது. அதே பைப் டிரைவர் பாதத்துக்கு நாலு விரல் கீழே ஓடுகிறது. கியர் ராடு ஓட்டையில் ரப்பர் கிழிந்து அனல் நேராக மேலே வருகிறது. மூடிக்கு உள்ளே இருந்த பஞ்சு எண்ணெய் குடித்து உதிர்ந்துவிட்டது.

"நாலு வர்சமா அடுப்பு மேல குந்திகினு கீற மாமா. இன்னும் வேவலியா?"

புது கேஸ்கெட் போட்டான். பைப்புக்குக் கண்ணாடித் துணி சுற்றிக் கம்பியால் கட்டினான். தரைக்கு அடியில் தகடு அடிக்கும்போது ஒரு விரல் இடைவெளி விட்டான். தரையோடு ஒட்டினால் தகடே சூட்டை ஏற்றிவிடும், நடுவில் காற்று ஓட வேண்டும் என்றான். கியர் ஓட்டைக்குப் புது ரப்பர். மூடிக்குள் பஞ்சு, அதற்கு மேல் தகடு. கூடமாட உதவிய ஜோஷ்வாவுக்குப் பஞ்சுத் தூள் பட்டுக் கையெல்லாம் அரித்தது.

"சொறியாத மாமா. சொறிஞ்சா உள்ள பூடும்."

திங்கட்கிழமை காலை முதல் மாலைவரை எஞ்சின் ஓடியது. மத்தியானம் ஜோஷ்வா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அறுபதுவரை எண்ணினான். எடுக்கத் தோன்றவில்லை. சட்டை நனையவில்லை.

இரவு சோறு போடும்போது சூடு குறைந்ததா என்று லதா கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது என்றான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஈஸ்டருக்கு வண்டி சும்மாதானே நிற்கும், நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், தம்பியையும் வரச் சொல்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஜோஷ்வா ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனான். ஜாயின்ட்டின் இரண்டு நட்டுகளையும் மும்மூன்று சுற்று தளர்த்தினான். மேலே வந்து கியர் ராடின் ரப்பரைப் பிடுங்கினான். எஞ்சினைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் அனல் வந்தது. புகை நாற்றம் வந்தது. கண் எரிந்தது. நெற்றி வியர்த்தது. இறங்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான்.

ஈஸ்டர் அன்று எஞ்சினைப் போட்டதும், கருப்பன் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்பே தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். ஜாயின்ட் புஸ் புஸ்ஸென்றது. லதா தெருக்குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கருப்பன் அடியில் போய், வெளியே வந்து, குரலைத் தணித்துச் சொன்னான்.

"நட்டு தானா கயலல மாமா. ஸ்பேனர் போட்ட தடம் கீது."

ஷூட்டிங் பசங்களாக இருக்கும் என்றான் ஜோஷ்வா. கருப்பன் அவனைப் பார்த்தான். பிறகு அவன் இடது காலைப் பார்த்தான். நட்டுகளை முறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு நட்டை ஏற்றி, நுனி மரையை உளியால் அடித்து மழுக்கினான். ரப்பரைப் பொருத்தி, சுற்றிலும் தகடு வைத்து ரிவிட் அடித்தான்.

"இனிமே ஆராலயும் கயட்ட முடியாது" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறிப் போனான்.

லதா மூடிக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். சரியாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். மாமல்லபுரம்வரை போய்த் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் அவள் உள்ளங்கை மூடியின் மேலேயே இருந்தது. இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. சூட்டின் அளவு அதற்குத் தெரியும். ஜோஷ்வா ரோட்டைப் பார்த்து ஓட்டினான். டாஷ்போர்டுக் கடிகாரத்தில் இன்னும் பதினொன்று இருபது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்தான். அவன் கதவின் பிடியில் கை வைத்தான். அவள் இறங்கவில்லை. மூடியிலிருந்து கையை எடுத்து அவன் முழங்காலில் வைத்தாள். கை குளிர்ந்திருந்தது.

"மூணு மாசம்னு சொன்னாரு இல்ல டாக்டரு? இன்னியிலருந்து எண்ணட்டுமா?"