மொட்டையும் மீசையும்

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சுற்றுவழி என்றும் பாராமல், சின்னதம்பி படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டான். தலைக்குள் கட்டி என்றால் தலையைத்தான் திறப்பார்கள். திறப்பதற்கு முன் மழிப்பார்கள். பத்து வருஷமாக வளர்த்துக் கொண்டை போட்ட முடி ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போவானேன், அம்மனுக்கே போகட்டும்!

சந்தனம் பூசிய அந்த மண்டையைப் பார்த்து, அவன் மனைவி அம்மாக்கண்ணு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். "டாக்டரக் கேட்டுட்டு எடுத்தா இன்னாய்யா?"

"அவங்கள இன்னாத்துக்குக் கேக்கணும்? மூளைக்குப் போற வழி எனக்குத் தெரியாதா?"

சிரிப்பை விழுங்கிவிட்டு, அவன் எதிலும் இடித்துக்கொள்ளாமல் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு வருஷமாகப் புருஷனுக்கு நேரே இருப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அவர்கள் ஊர் நெல்லிவாசலில் சாமைக் கொல்லையில் பக்கத்திலேயே நின்றாலும், தலையைத் திருப்பினால்தான் அவள் இருப்பது தெரியும். கண்டும் காணாமல் போகிறான் என்று ஆறு மாதம் சண்டை போட்டாள். சொந்த மாட்டின் மேலேயே போய் மோதியபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூளைக்கு அடியில் ஒரு கட்டி பார்வை நரம்பை நசுக்கிக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷோபனா மொட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க எடுக்கச் சொன்னது?"

"நானேதாங்க. உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

"மண்டையத் திறக்கவே போறதில்லீங்களே! மூக்கு வழியா சின்னக் கேமரா விட்டு, பின்னால இருக்கற எலும்புல ஒரு வாசல் போட்டு எடுத்துடுவோம். மேல இருந்து போனா மூளைய நகர்த்தணும். கீழ இருந்து போனா அது வேணாம்."

சின்னதம்பி மொட்டையைத் தடவினான். "அப்போ முடி?"

"தலையில ஒண்ணுகூட எடுக்க வேணாங்க." டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "மீசைய மட்டும் எடுக்கணும்."

அம்மாக்கண்ணுவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். கல்யாணத்தன்று அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியில் மீசையைப் பார்த்தவன் அவன்! சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பின்னாலேயே வந்த டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"கட்டிய எடுத்துடலாம்மா. ஆனா நரம்பு ரொம்ப நாளா நசுங்கியிருக்கு. போன பார்வை திரும்புமான்னு அப்புறந்தான் தெரியும்."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், சின்னதம்பி கட்டிலில் சாய்ந்து எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் பஞ்சு. தலையிலும் முடி இல்லை, உதட்டுக்கு மேலும் இல்லை. அவித்த முட்டை மாதிரி இருந்தான். பக்கத்து ஸ்டூலில் அம்மாக்கண்ணு கஞ்சி ஆற்றினாள். பார்வை வந்ததா என்று அவள் இன்னும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். பயத்துக்கு நடுவிலும் அந்த முகத்தைப் பார்க்கச் சிரிப்பு முட்டியது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதடி. மீசை திரும்ப மொளைக்கும்."

அவன் முகம் காலண்டர் பக்கமே இருந்தது. அம்மாக்கண்ணு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மெல்ல எழுந்து, கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று, நாக்கை நீட்டினாள்.

"நாக்க உள்ள போடு," என்றான், தலையைத் திருப்பாமல். "நர்சம்மா வர்றாங்க."

நர்ஸ் வந்து நின்றதைக்கூடப் பாராமல் அம்மாக்கண்ணு ஓவென்று அழுதாள்.