மிச்சக் காய்ச்சல்

வலங்கைமானில் ஜெக்கரியாவோடு கூட்டாக மருந்துக் கடை தொடங்கிய சிங்காரவேலுவுக்கு, முப்பத்தொரு ஆண்டுகளில் சொந்தமாக ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை, வந்தவையெல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போனவர் இரண்டாம் நாளே உடம்பு தேவலை என்று நிறுத்திவிட்டால், மிச்சக் காய்ச்சல் அன்று மாலையே சிங்காரவேலுவிடம் வந்து சேரும். நடவுக் காலத்தில் அதிகம் வரும். அப்போது யாருக்கும் ஐந்து நாள் படுத்திருக்க நேரமில்லை. அவர் ஒரு டம்ளர் மிளகு ரசம் குடித்துவிட்டு, சைக்கிளில் அந்த வீட்டுக்கே போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பார். திரும்பும்போது உடம்பு குளிர்ந்திருக்கும்.

இரண்டாவது கடையை ஜெக்கரியாவின் ஊரான முத்துப்பேட்டையில் திறந்தார்கள். அந்தக் காய்ச்சல்களில் அலையாத்திக் காட்டுச் சேற்றின் வாடை இருந்ததால் அடையாளம் காண்பது சுலபம். நான்காவது கடைக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்பதாவதைப் பூம்புகாரில் திறக்க வேண்டாம், கடல்மேல் வண்டி ஓடாது என்று ஜெக்கரியா எவ்வளவோ சொன்னார். அங்கேயும் காய்ச்சல் வரும்தானே என்றார் சிங்காரவேலு. திறந்தார்கள்.

அந்த மாசியில் தமிழ்மாறன் என்ற மீனவர் ஏழு நாள் மருந்தை இரண்டு நாளோடு நிறுத்திவிட்டு விசைப்படகில் ஏறிவிட்டார். வலங்கைமானில் சிங்காரவேலு நூற்று நான்கு டிகிரியில், டீசலும் நெத்திலியும் மணக்கப் படுத்தார். எந்த மருந்தும் கேட்கவில்லை. காய்ச்சல் அவருடையது இல்லையே. மூன்றாம் நாள் பேச்சு குழறியது. ஜெக்கரியா பூம்புகாருக்கு ஓடி, தமிழ்மாறன் வீட்டில் அட்டையை வாங்கிக்கொண்டு, படகு திரும்பும்வரை கரையில் நின்றார்.

"காய்ச்சல் போயிடுச்சே பாய்."

"போகலை தம்பி. வலங்கைமான்ல எங்க அண்ணன் மேல படுத்திருக்கு. முழுங்குங்க."

யாவாரத்துக்கு இப்படியும் ஒரு வழியா என்று சிரித்த தமிழ்மாறன், எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வலங்கைமானில் சிங்காரவேலு கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். ஆனால் மறுநாளே படகு மறுபடி கிளம்பியது. இன்னும் நான்கு நாள் மாத்திரை மிச்சமிருந்ததால் ஜெக்கரியாவும் ஏறினார். முத்துப்பேட்டையில் பிறந்தும் படகு ஒத்துக்கொள்ளாதவர், வாந்தி எடுத்துக்கொண்டே வேளை தவறாமல் கொடுத்தார். இறங்கியபோது இளைத்திருந்தார். "கடல்லயும் வண்டி ஓட்டிட்டீங்களே," என்றார் சிங்காரவேலு.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள். கடைகள் இருபத்திரண்டு ஆயின. மூன்றாம் நாள் போன் செய்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது எல்லாக் கடையிலும் வழக்கமானது. போன ஐப்பசியில் சிங்காரவேலு, யாருடைய காய்ச்சலும் இல்லாத குளிர்ந்த உடம்போடு காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஜெக்கரியா வலங்கைமான் கடையில் வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் முதுகில் குளிர் ஏறியது. மோந்து பார்த்தார்; நாற்றும் நடவுச் சேறும் மணத்தன. ஆக, பக்கத்து ஊர்தான். யாரோ இரண்டு நாளோடு நிறுத்தியிருக்கிறார்கள். மிளகு ரசம் வாங்கிவரச் சொல்லிக் குடித்தார். பிறகு சிங்காரவேலுவின் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, மெதுவாக மிதித்துக்கொண்டு போனார்.