இருக்கா இல்லையா என்று கேட்காதீர்கள்

இந்தக் கதையில் என் பெயர் மட்டும்தான் உண்மை. பிரமிளா. ஃபிஜித் தீவில், லம்பாசா டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே எட்டு கம்ப்யூட்டர் போட்டு, வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்துவந்தேன். மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். இதைப் படித்துவிட்டு, அது யார் இது யார் என்று என்னிடம் வந்து நிற்க வேண்டாம்.

பாடம் இணையத்தில். பக்கத்துப் புலிலேகா கிராமத்தில் கரும்புத் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டே படிக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் என் அறைக்கு வரவேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் வருகிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களோடு வாழ்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள், இப்படிக் கேள்விகள். குரல் பதிவாகும், நான் பிறகு கேட்டு மார்க் போடுவேன். பொய் சொல்ல நிறைய வார்த்தை வேண்டும். கையில் நாலே நாலு வார்த்தை இருக்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்வார்கள். அப்படி இருநூறு பேருடைய உண்மை என்னிடம் இருந்தது.

அது 2009. எண்பத்தேழில் ராணுவம் புகுந்தபோது ஒரு கூட்டம் மூட்டை கட்டியது. இரண்டாயிரத்தில் துப்பாக்கி வந்தபோது இன்னொரு கூட்டம். 2006இல் மறுபடியும் ராணுவம். அந்த ஏப்ரலில் அரசியல் சட்டத்தையே தூக்கிக் கடாசிய பிறகு என் வகுப்பில் உட்கார இடமில்லை. என்னிடம் சேர்ந்தவர் என்றால் நாட்டைவிட்டுப் போகப் போகிறவர் என்று அர்த்தம். மேலதிகாரி, நிலத்துக்காரர், மாமியார், யாருக்கும் அது முன்கூட்டித் தெரியக்கூடாது.

ஆரம்பத்தில் இது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. தீமிதித் திருவிழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்ற மோகினி என்ற நர்ஸைக் கட்டிப்பிடித்து, "ஏழரை வாங்கிட்டா எம் பொண்ணு!" என்று கத்தினேன். ஒன்பதுக்கு ஏழரை பெரிய மார்க். ஆனால் அன்றைக்கே அவளுக்கு ஏழரை பிடித்துவிட்டது. சேதி ஆஸ்பத்திரி மேலிடத்துக்குப் போய், மூன்றே வாரத்தில், படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு தீவுக்கு மாற்றல். அவளுடைய விசா காகிதங்கள் கெடு தாண்டிக் காலாவதியாகிப் போயின. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் போட்டதுதான் இந்த விதி. எங்கள் இணையப் பக்கத்தின் முதல் வரியில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன்: உங்கள் பெயர் இங்கே இருக்கிறது என்றும் யாரிடமும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம்.

ஜூனில் தர்மேந்திரா வந்தான். என்னுடையது மாதிரி வகுப்புகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற இலாகாவில் அதிகாரி. எங்களுக்குள் பேச்சு எப்போதும் ஃபிஜி ஹிந்திதான். அவனுக்குத் தமிழ் கோயிலில் கேட்ட அளவு. காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அது வாயில் வரும்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? சின்ன காம், வேலை ஒண்ணு. கவர்மென்ட் காசுல படிச்ச நர்ஸு, டீச்சர் எல்லாம் ஓடிப்போறாங்க. மேலேருந்து ஆர்டர். ஒங்க ஸ்டூடன்ட் லிஸ்ட் வேணும். பேரு, அட்ரஸ், போன் நம்பர். குடுங்க, லைசென்ஸ்ல கையெழுத்து போட்டுடறேன்."

"குடுக்க முடியாது தம்பி."

"எல்லாரும் குடுக்கிறாங்க அக்கா."

"அவங்க குடுக்கட்டும்."

அவன் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். லைசென்ஸ் எனக்குச் சோறு. அதைவிடப் பெரிய பயம், அந்தப் பட்டியலில் அவனுடைய பெண்டாட்டி ஊர்மிளா இருந்தாள்.

ஊர்மிளா இங்கே எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது இவ்வளவுதான்: மகள் க்ருதிகாவைக் கூட்டிக்கொண்டு ஆக்லாந்தில் இருக்கும் சகோதரியிடம் போய்விட வேண்டும், புருஷனுக்குத் தெரிந்தால் இரண்டு பாஸ்போர்ட்டும் அடுப்பில் எரியும். பேச்சுப் பயிற்சியில் அவள் வேறு என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களும் கேட்கக்கூடாது. மார்க் மட்டும் சொல்ல ஆசையாக இருக்கிறது. அதையும் சொல்லமாட்டேன்.

அடுத்த வாரம் ஜீப்பில் இரண்டு சிப்பாய்களோடு வந்தான். தமிழ் போய்விட்டது, ஹிந்தியும் போய்விட்டது, ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தைப் படித்தான். பட்டியல் தராவிட்டால் கம்ப்யூட்டர்களைப் பறிமுதல் செய்வார்களாம்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. அதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் இணையத்துல இருக்கு. பாஸ்வேர்டு என் தலைக்குள்ள இருக்கு. தலையை எடுக்கணும்னாலும் எடுத்துக்கோங்க."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவன் முறைத்தான். பிறகு சிப்பாய்களை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். மறுபடியும் தமிழ் வந்துவிட்டது.

"அக்கா, லிஸ்ட் வேணாம். ஒரே ஒரு பேரு. என் வீட்ல ஊர்மிளா. அவ பேரு இருக்கா?"

இலாகா, மேலிடம், கவர்மென்ட் காசு எல்லாம் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

"இல்லைன்னு சொல்லுங்க, அது போதும். இங்கேயே கையெழுத்து போடறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவளும் தப்பித்தாள், நானும் தப்பித்தேன். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு இன்னொரு புருஷன் வருவானே. இன்றைக்கு இவனுக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு அவனுக்கு நான் வாய் திறக்காமல் இருப்பதே ஆமாம் என்றாகிவிடும். இருநூறு பேரும் நம்பியது அந்த முதல் வரியை. அதில் ஒரு ஓட்டை போட்டால் எல்லாருக்கும் போட்டதுதான்.

"யார் பேரை வேணும்னாலும் கேளு தம்பி, இதேதான் பதில்."

"புலிலேகா கன்னையா மகன் அவினேஷ்?"

"சொல்லமாட்டேன்."

"என் பேரு? தர்மேந்திரா இருக்கானா?"

"அதையும் சொல்லமாட்டேன்."

"பிரமிளா?"

"அவ இருக்காளா இல்லையான்னும் சொல்லமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. எட்டு கம்ப்யூட்டரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கதவில் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தான். லைசென்ஸ் ரத்து.

பூட்டு கதவுக்குத்தானே, வகுப்புக்கு இல்லையே. அன்று சாயங்காலமே அரிசி டின்னின் மேல் பழைய லேப்டாப்பை வைத்து, சமையலறையிலிருந்து பாடம் நடத்தினேன். இனி லைசென்ஸ் கிடையாது, பிடித்தால் வழக்கு வரும், விலக நினைப்பவர்கள் விலகலாம் என்று எல்லாருக்கும் எழுதினேன். ஒருவரும் விலகவில்லை. ஊர்மிளா மட்டும் ஒரு வரி எழுதினாள்: அவர் வீட்டில் எதுவுமே கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மார்க்கெட்டில் டாலோக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"அக்கா! என் வைஃப பாத்ததில்லையே நீங்க?"

திரும்பினேன். அவன் பக்கத்தில் ஊர்மிளா, கையில் கீரைக் கட்டு. அவன் கண் என் முகத்திலும் அவள் முகத்திலுமாக மாறி மாறிப் போனது.

"இவளுக்கு இங்கிலீஷ் கத்துக்க ஆசை. ரெண்டு வார்த்தை பேசுங்க அக்கா, பாக்கலாம்."

அவள் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், முடிந்தது. ஆங்கிலத்தில், எத்தனை பிள்ளைகள் என்று மெதுவாகக் கேட்டேன்.

ஊர்மிளா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கீரைக் கட்டைப் பார்த்துக்கொண்டே, "மீ... மேடம்... ஒன் டாட்டர்ஸ் ஈஸ் ஹேவிங்" என்றாள். வெட்கப்பட்டதுபோல் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை தப்பு இருந்ததோ அத்தனையையும் மூன்று மாதம் உட்கார்ந்து நானும் அவளும் சேர்ந்துதான் ஒழித்துக்கட்டியிருந்தோம். ஒன்றையும் விடாமல் திரும்பப் பொறுக்கி, வரிசையாகக் கோத்துக் கொடுத்திருந்தாள். எனக்கு அங்கேயே அவளைக் கட்டிப்பிடித்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

"ரொம்பக் கஷ்டம் தம்பி" என்றேன். "இதுக்கு வருஷக்கணக்காகும்."

"விடுங்க அக்கா, அவளுக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, திருப்தியாக முன்னால் நடந்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.